மேல்மாடிக்கு ஏறாத தண்ணீரும் மோட்டார் அக்காவின் தலையும்

விடிந்தும் விடியாததுமாகக் குடியிருப்புச் சங்கத்தின் அலுவலக வாசலில் கூட்டம் முண்டியடித்தது. இலவசமாக ஏதாவது கொடுத்தார்களா? இல்லை. காசு வாங்கிக்கொண்டு தலையைப் பார்த்தார்கள். அதற்குத்தான் இத்தனை தள்ளுமுள்ளு.

வங்கி அதிகாரி நின்றார். பல் டாக்டர் நின்றார். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற பேராசிரியர், இடம் பறிபோய்விடும் என்று முந்திய நாள் மாலையே துண்டு போட்டு வைத்துவிட்டு முன்வரிசையில் நின்றார். இத்தனை படித்தவர்கள் ஒரே இடத்தில் தலைகுனிந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளே, சங்கத் தலைவரின் நாற்காலியில் சுழியார் உட்கார்ந்திருந்தார். தாடி, சடை, மணிமாலை என்று உங்கள் கற்பனை ஓடினால் அதைக் கொஞ்சம் கட்டிப் போடுங்கள். அதெல்லாம் பழைய காலத்து ஏமாற்று. இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒரு கையில் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, மறு கையில் எஃகுச் சீப்பு. 'சிகைச்சுழி ஆராய்ச்சியாளர்' என்று முகவரி அட்டை வேறு. எந்தக் கல்லூரியில் அந்த ஆராய்ச்சி நடந்தது என்று கேட்க எங்களில் யாருக்கும் நாக்கு எழவில்லை.

உச்சந்தலையில் முடி சுழித்துக்கொண்டு நிற்கிறதே, அது எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் வாழ்க்கையும் சுற்றுமாம். இதுதான் சரக்கு.

"குனிங்க சார். இன்னும் கொஞ்சம். ம்ம்ம்... வலப்பக்கம்தான் சுத்துது. ஆனா ஓரத்துல லேசா திரும்புது பாருங்க. அதான் உங்க பதவி உயர்வு தள்ளிக்கிட்டே போகுது."

"ஐயோ, நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்களே!" என்று வங்கி அதிகாரிக்குப் புல்லரித்தது. பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று திருப்தியோடு இருக்கும் ஒரு வங்கி அதிகாரியை யாராவது பார்த்திருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சங்கத் தலைவர் வந்தபோதுதான் எனக்கு ஆவல் தாங்கவில்லை. அவர் தலை கண்ணாடி போலப் பளபளக்கும் வழுக்கை. மாட்டிக்கொண்டார் சுழியார் என்று நினைத்தேன். மனுஷன் அசரவில்லை. பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க சுழி உள்பக்கமாப் போயிடுச்சு. இது ராஜசுழி. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அமையும்" என்றார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. முடி போன துக்கம் அன்றோடு தீர்ந்தது.

பக்கத்து மேசையில் சுழியாரின் மச்சான் தொப்பி விற்றான். உள்ளே செப்புக் கம்பி வளையம் வைத்துத் தைத்த தொப்பி. கெட்ட சுழியின் வேகத்தை அது தடுக்குமாம். ஒரே வாரத்தில் குடியிருப்பு முழுக்கத் தொப்பி. குழந்தைக்குத் தொப்பி, தாத்தாவுக்குத் தொப்பி, மூன்றாம் மாடி நாய்க்கும் தொப்பி. நாய் மட்டும்தான் அதைக் கடித்துத் துப்பியது. அதற்கு இருந்த விவரம் அவ்வளவு.

இந்தக் கூத்தெல்லாம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஒரு பம்பினால்.

குடியிருப்பின் பின்பக்கம் பம்பு அறை இருக்கிறது. அதையொட்டித் தரைக்குக் கீழே பெரிய தொட்டி. வெளியிலிருந்து வரும் தண்ணீர் அதில் விழும். அதைப் பம்பு உறிஞ்சி எல்லா மாடிக்கும் தள்ளும். பல வருஷமாக அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் உறும ஆரம்பித்தது. வாய் நிறையக் கூழாங்கல்லைப் போட்டு மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம். சத்தத்தோடு போயிருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருப்போம். மேல் மாடிகளுக்குத் தண்ணீரும் ஏறவில்லை. குழாயைத் திறந்தால் பெருமூச்சுதான் வந்தது. மெக்கானிக் வந்து பேரிங்கை மாற்றினார். உறுமல் நிற்கவில்லை.

அப்போதுதான் சங்கச் செயலாளர் எங்கிருந்தோ சுழியாரை அழைத்து வந்தார்.

சுழியார் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நடுவே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம், அது கீழே உறிஞ்சு குழாயின் வாய் வரைக்கும் இறங்கியிருந்தது. "பாத்தீங்களா? அப்படியே உச்சந்தலை மாதிரி இல்ல? இங்க யாரோ ஒருத்தர் தலையில இருக்கிற கெட்ட சுழிதான் தண்ணில வந்து உக்காந்திருக்கு" என்றார். ஆமாம், அப்படியேதான் இருந்தது. இட்லித் தட்டு கூடத்தான் நிலா மாதிரி இருக்கிறது. அதற்காக அமாவாசையன்று இட்லித் தட்டு காணாமல் போய்விடுவதில்லை.

பரிகாரம் நடந்தது. முதலில் 'மௌன நேரம்'. ஒரு மணி நேரம் பம்பை நிறுத்திவிட வேண்டும், யாரும் பேசக் கூடாது. அப்புறம் சுழியார் கையில் செப்புக் கம்பியோடு, தண்ணீர் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் தொட்டியைச் சுற்றி நடந்தார். "இப்ப போடுங்க" என்றார். போட்டார்கள். பம்பு பூனைக்குட்டி போல முனகிக்கொண்டு ஓடியது. உறுமல் போன இடம் தெரியவில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மேல் மாடியில் குழாய் கொட்டியது. சுழியாரைத் தோளில் தூக்காத குறை.

மதியச் சாப்பாட்டுக்குள் மறுபடி உறுமல்.

வேறு யாராவதாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். சுழியார் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "நான் சரி பண்ணிட்டுப் போறேன், அந்தத் தலை மறுபடி கெடுக்குது. அதைக் கண்டுபிடிக்காம விடிவு கிடையாது" என்றார். வைத்தியம் பலிக்காவிட்டால் நோயாளி மேல் குற்றம். இந்த ஒரு வசதி இருந்தால் போதும், தொழில் ஓஹோவென்று நடக்கும். தலைவேட்டை தொடங்கியது. வாரம் இரண்டு பரிகாரம், தினமும் தலைப் பரிசோதனை.

கடைசியில் தலை அகப்பட்டது. பம்பை இயக்குகிற மோட்டார் அக்காவின் தலை.

மோட்டார் அக்கா வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி மாதம் வெளியூர். வேலையோடு பம்பு அறைக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்ததால் மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறியிருந்தாள். அவள் தலையைப் பிரித்துப் பார்த்த சுழியார் பூதக்கண்ணாடியைக் கீழே போட்டார். போட்டார் என்றால் நாற்காலி மெத்தை மேல்தான் போட்டார், உடையக் கூடாது பாருங்கள்.

"ரெட்டைச் சுழி! ஒண்ணுக்கொண்ணு எதிரா!"

"உறுமல் என்னிக்கு ஆரம்பிச்சுது?" என்று தலைவர் கேட்டார்.

"இவ வேலைக்குச் சேந்த அதே மாசம்" என்றார் செயலாளர்.

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் கூட்டி அவளை வேலையிலிருந்து நீக்குவது, அன்றைக்கே அறையைக் காலி செய்யச் சொல்வது, பிறகு சுழியாரின் கடைசிப் பரிகாரம் என்று முடிவானது.

மாமியார் அழுது புரண்டாள். "பொண்ணு பாக்கப் போனப்ப பல்லப் பாத்தேன், கண்ணப் பாத்தேன், நடக்கச் சொல்லிப் பாத்தேன். உச்சியப் பிரிச்சுப் பாக்காம விட்டுட்டேனே! என் புள்ள லாரி எங்க போயிக் கவுறப் போகுதோ!"

 மோட்டார் அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தனக்கு வேலை போவதைக்கூடத் தாங்கியிருப்பாள். மகளுக்கும் அதே ரெட்டைச் சுழி. தலை வாரிவிடும்போது தினமும் ஆசையாகத் தொட்டுப் பார்த்த சுழி. இப்போது கீழே விளையாடுகிற பிள்ளைகள் அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவள் போனால் ஊஞ்சலிலிருந்து குதித்து ஓடுகிறார்கள். மோட்டார் அக்கா மகளின் தலையிலும் தன் தலையிலும் இறுக்கித் துணி கட்டிக்கொண்டு, பம்பு அறைக்குள் போய் அந்த உறுமலுக்கு நடுவே யாருக்கும் கேட்காமல் அழுதாள்.

செயலாளரின் மனைவி மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஊரே அவரை மருந்துக்கடை அம்மா என்று கூப்பிடும். குடியிருப்பதோ கடைசி மாடி. காலையில் வாளி தூக்கி, பகலில் மருந்து கொடுத்து, மாலையில் மறுபடி வாளி தூக்கிய எரிச்சலில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சிங்க்கில் நிறைந்திருந்த தண்ணீரைத் திறந்துவிட்டார். சத்தமில்லாமல் இறங்கியது. கொஞ்சம்தான் மிச்சம் என்றபோது சுற்ற ஆரம்பித்து, நடுவில் ஓட்டை விழுந்து, கொர்ர்ர் என்று உறுமியது. கையிலிருந்த தட்டை அந்தச் சுழிமேல் மிதக்கவிட்டார். உறுமல் நின்றது. தட்டை எடுத்தார், உறுமியது. வைத்தார், நின்றது.

"என்னங்க, இங்க வாங்க. நம்ம சிங்க்குக்கும் கெட்ட சுழி."

செயலாளர் வந்து பார்த்தார். "விளையாடாத. அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"இது சிங்க்கு."

"அந்த மௌன நேரம் எதுக்குங்க?"

"எனர்ஜி சேரணும்ல?"

"பம்ப நிறுத்தினா தொட்டியில தண்ணி சேராதா?"

"அதுவும்தான் சேரும்." செயலாளர் விழித்தார். "இப்ப என்ன சொல்ல வர்ற?"

"கடைக்கு ஒருத்தர் வந்தாரு. இருமல் மருந்தக் குடிச்சுட்டு ஒத்தக் கால்ல நின்னேன், இருமல் போயிடுச்சுன்னாரு. மருந்தால போச்சா, காலால போச்சா? மருந்து குடிக்காம ஒத்தக் கால்ல நின்னு பாக்கணும். மருந்து குடிச்சுட்டு ரெண்டு கால்லயும் நின்னு பாக்கணும். இவ்வளவு நாளா உங்க சுழியாரு ரெண்டையும் சேத்தே செய்யுறாரு. நீங்களும் கைதட்டுறீங்க."

"நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு செயலாளர் அந்த இடத்தைவிட்டு நழுவினார். பதில் இல்லாதவர்களுக்கெல்லாம் அந்தச் சொல்தானே கைகொடுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தொட்டியைச் சுற்றிக் குடியிருப்பே தொப்பியோடு நின்றது. மோட்டார் அக்காவின் சட்டிபானை, பாய், டிரங்குப்பெட்டி எல்லாம் ஏற்கனவே வாசலுக்கு வந்துவிட்டன. மாமியார் பேத்தியோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மௌன நேரம் முடிந்து, சுழியார் கம்பியைக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மருந்துக்கடை அம்மா. "கம்பி இருக்கட்டும். நீங்க சுத்தாதீங்க. மோட்டார் அக்காவே பம்பப் போடட்டும். போட்டுட்டு, தலைத்துணிய அவுத்துட்டு, தொட்டிக்கு மேல தலையக் குனிஞ்சு காட்டட்டும்."

"ஐயையோ! பம்பு வெடிச்சுடும்!" சுழியார் அலறினார். கூட்டம் மூன்றடி பின்வாங்கியது. பேராசிரியர் ஐந்தடி.

"வெடிச்சா நானும் பக்கத்துலதான் நிக்கிறேன். வாம்மா, போடு."

மோட்டார் அக்கா பின்னால் நகர்ந்தாள். "வேணாம்மா. நெசமாவே ஏதாச்சும் ஆயிட்டா? என் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"ஒண்ணும் ஆகலன்னா அவ மூஞ்சியில நல்லா முழிக்கலாம்ல? போடு."

போட்டாள். துணியை அவிழ்த்துவிட்டு வந்து தொட்டிமேல் குனிந்தாள். தண்ணீர் விளிம்புவரை நிறைந்து அசையாமல் கிடந்தது. ரெட்டைச் சுழி இரண்டும் அதில் தெரிந்தன. பம்பு பூனைக்குட்டி போல முனகிக்கொண்டு ஓடியது.

கூட்டம் சுழியாரைப் பார்த்தது. சாமானியப்பட்ட ஆளா அவர்? "நான் மௌன நேரத்துலயே உக்காந்த இடத்துலேர்ந்து சக்தி அனுப்பிட்டேன்!" என்றார். உடனே கைதட்டல்! கைதட்டுவதற்கு நம் ஆட்களுக்குக் காரணமா வேண்டும்?

"ரொம்ப நல்லது" என்றார் மருந்துக்கடை அம்மா. "அப்ப அக்கா தெருவுக்கு அந்தப் பக்கம் போயி நிக்கட்டும். கெட்ட தலை தூரமாப் போயாச்சு, நல்ல சக்தி உள்ள இருக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போயி குழாயத் திறந்துவிட்டுட்டு வாங்க. பம்பு ஓடட்டும்."

திறந்தார்கள். மேல் மாடிவரை கொட்டியது. தொட்டியில் மட்டம் இறங்க இறங்க, தண்ணீர் மெல்லத் திரும்பியது. அப்புறம் சுற்றியது. நடுவில் பள்ளம் விழுந்தது. பள்ளம் கீழே நீண்டு குழாய் வாயைத் தொட்டதும் பம்பு உறுமியது. மாடியில் குழாய்கள் பெருமூச்சு விட்டன.

மோட்டார் அக்கா தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை வாசலில் நின்றிருந்தாள்.

"இப்ப யாரு தலைங்க?" மருந்துக்கடை அம்மா கேட்டார். "சரி, இருக்கட்டும். நீங்க கம்பியோட சுத்துங்க. பம்ப நிறுத்த வேண்டாம்."

சுழியார் கம்பியை எடுப்பதற்கு முன்னால் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மந்திரம் போடுறதுக்கு மட்டத்த எதுக்குப் பாக்குறீங்க?"

"சும்மா பாத்தேன்." சுழியார் நடந்தார். ஒரு சுற்று. உறுமல். இன்னொரு சுற்று. உறுமல் கூடியது. "வேகமா நடங்க சார்!" என்று பல் டாக்டர் உற்சாகப்படுத்தினார். வேகமாக நடந்தார். ஓடினார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "எதிர்ப்பக்கமா ஓடிப் பாருங்க!" என்றார் பேராசிரியர். அப்படியும் ஓடினார். பம்பு கூழாங்கல்லைக் கடைசிப் பல்லால் மென்றது.

"நிறுத்தாதீங்க, இன்னும் ரெண்டு சுத்து!" கூட்டம் கத்தியது.

சுழியாருக்கு மூச்சு வாங்கியது. பொறுமை போய்விட்டது. கம்பியைத் தரையில் அடித்தார். "அறிவிருக்கா உங்களுக்கு? மட்டம் இறங்கிடுச்சு, பம்பு காத்த இழுக்குது! நான் சுத்துனா நின்னுடுமா? நிறுத்தி வச்சு தண்ணி ஏறுனாத்தானே சத்தம் நிக்கும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

"காத்தா?" என்றார் வங்கி அதிகாரி. "சுழின்னீங்களே?"

 மருந்துக்கடை அம்மா மூலையில் கிடந்த பழைய அலமாரிக் கதவு ஒன்றை இரண்டு பேரை விட்டுத் தூக்கச் சொல்லி, தண்ணீர்மேல் சுழிக்கு நேராக மிதக்கவிட்டார். பள்ளம் மூடியது. உறுமல் தேய்ந்து நின்றது. செப்புக் கம்பி இல்லை, மௌனம் இல்லை, மந்திரம் இல்லை. ஓர் அலமாரிக் கதவு.

"இந்தக் கதவுக்கு வலச்சுழியா, இடச்சுழியா? பாத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

 மச்சான் அதற்குள் தொப்பிப் பெட்டியோடு கம்பி நீட்டியிருந்தான். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு சுழியாரும் ஓடினார். அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தில் பிரயோஜனமான ஓட்டம் அது ஒன்றுதான். பூதக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார், பாவம்.

பேராசிரியருக்கு அப்போதுதான் இயற்பியல் ஞாபகம் வந்தது. "அது சரிங்க. இத்தனை வருஷமா சுத்தாத தண்ணி இப்ப ஏன் சுத்துது?"

நல்ல கேள்வி. செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். மருந்துக்கடை அம்மா புருஷனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்த ராஜசுழியும் நிற்காது.

"இல்ல... தொட்டிக்குத் தண்ணி வர்ற குழாய் முன்னாடி நடுவுல நேரா விழுந்துச்சு" என்று செயலாளர் இழுத்தார். "தலைவர் காருக்கு ஷெட் போடணும்னு அந்தக் குழாய மூலைக்கு நகத்தினோம். இப்ப சுவரோரமா வந்து விழுது. அதனால தொட்டித் தண்ணியே வட்டமா சுத்துதாம். மெக்கானிக் அப்பவே சொன்னாரு."

"என்ன சொன்னாரு? முழுசாச் சொல்லுங்க."

"பம்புக்குள்ள சக்கரம் சுத்தித்தான் தண்ணியத் தூக்கித் தள்ளணுமாம். தண்ணியும் அதே பக்கமா சுத்திக்கிட்டே உள்ள வந்தா, சக்கரத்துக்குப் பிடி கிடைக்காதாம். முன்னால ஓடுற ஆளப் பின்னாலேர்ந்து தள்ளப் போனா கை எட்டாதுல்ல, அந்த மாதிரி. அதான் மேல் மாடிக்கு ஏறல. எதிர்ப்பக்கமா சுத்தி வந்தாலும் ஆபத்துதானாம், மோட்டார் சுமை தாங்காமச் சூடாகும். நேரா வரணுமாம். சுத்துனா நடுவுல ஓட்டை விழுந்து காத்தும் உள்ள போகும், அதான் உறுமல். குழாய நேராக்குங்க, உறிஞ்சுற வாயில குறுக்குத் தகடு வச்சு சுத்துறதத் தடுங்கன்னாரு."

"குழாய எந்த மாசம் நகத்துனீங்க?"

செயலாளரின் குரல் கிணற்றுக்குள் போனது. "மோட்டார் அக்கா சேந்த அதே மாசம்."

இரண்டும் ஒரே மாதம். அதில் ஒன்று தலைவரின் கார், இன்னொன்று ஒரு பெண்ணின் தலை. எதன்மேல் பழியைப் போடுவது என்பதில் சங்கத்துக்குச் சிரமமே இருக்கவில்லை. சுழியார் ஏமாற்றினார் என்று இனி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம். அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர்களை என்ன சொல்வது?

மாமியார் டிரங்குப்பெட்டியைவிட்டு எழுந்தாள். தலைவருக்கு நேராக வந்து நின்றாள். "உன் காரு வெயில்ல காஞ்சா என்னய்யா? என் மருமவ தலைய உருட்டிட்டியே!" என்றாள். அதுவரை உருட்டியதில் அவள் பங்கும் இருந்தது. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. மோட்டார் அக்காவை மன்னிச்சு, பெருந்தன்மையோட வேலையில வச்சுக்கலாம்னு தீர்மானம் போடுவோம்." மறுபடியும் கைதட்டல்.

"அப்படியே குழாய மாத்துறதுக்கு ஒரு நல்ல நேரமும் பாத்துடலாம்" என்றார் வங்கி அதிகாரி. பேராசிரியர் தலையாட்டினார்.

மோட்டார் அக்கா தெருவைத் தாண்டி வந்தாள். மகள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, கசங்கிய முடியைக் கையால் நீவிவிட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"என்ன மன்னிக்கிறீங்களா? நான் என்ன தப்புப் பண்ணேன்?" மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.  "இத்தனை நாளா எம்புள்ளையத் தொட விடாம உங்க புள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுனீங்க. எனக்கு உங்க தீர்மானம் வேணாம். இனிமே பம்பு உறுமுனா, வந்து தொட்டிக்குள்ள எட்டிப் பாருங்க. யாரு தலையையும் பிரிச்சுப் பாக்காதீங்க. உங்க தலையையும் சீவி விடுறதுக்கு மட்டும் வச்சிருக்காதீங்க. அப்பப்ப யோசிக்கவும் எடுங்க!"

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.